நிறைந்தே திரும்பிய போத்தல்

மைமூனின் தண்ணீர்ப் போத்தல் காலையில் எப்படிப் போனதோ அப்படியே மதியம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஒரு நாள் என்றால் மறதி என்று விடலாம். தினமும் இதே கதை. சிறுநீரில் தொற்று என்று டாக்டர் இரண்டாம் தடவையும் மருந்து கொடுத்ததும், அவள் தாய் ரஷீதா அந்தப் போத்தலோடு பள்ளிக்கே வந்துவிட்டார்.

அது 1982. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த தொடக்கப்பள்ளி. மைமூன் நான்காம் வகுப்பு. அவளுக்குத் தமிழ் கற்பித்தவர் அற்புதமேரி.

"தாகமில்லைங்குறா டீச்சர். இந்த வெயில்ல தாகமில்லாத பிள்ளை உண்டா?" என்றார் ரஷீதா. "இப்ப புதுசா, தமிழ விட்டுட்டு மலாய்க்கு மாத்திடுங்க உம்மான்னு அழுவுறா. அவ வாப்பாவும் சரின்னுட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள ஆபீஸ்ல சொல்லணும்."

"தமிழ் கஷ்டமா இருக்கா அவளுக்கு?"

"வீட்ல, எங்க மளிகைக் கடையில எல்லாம் தமிழ்தானே. படிக்கப் பிடிக்குது டீச்சர். இங்க வரத்தான் பிடிக்கல."

போத்தலுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று அற்புதமேரிக்குப் பிடிபடவில்லை. மறுநாள் வகுப்பில் ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மைமூன் உதட்டை மட்டும் நனைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வீட்டுக்குப் போக இன்னும் எவ்வளவு நேரம் டீச்சர்?"

அந்தக் கேள்விதான் நூலின் முனை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போகாமல் இருக்க வேண்டுமானால் குடிக்கக் கூடாது. பிள்ளை கணக்குப் போட்டுத்தான் தாகத்தை அடக்கியிருக்கிறாள்.

கழிப்பறைக்கு ஏன் போக மாட்டாள்? அடுத்த நாள் மணி அடித்ததும் அற்புதமேரி தம் அறையின் பின்கதவு வழியாக வெளியேறி, மாடிப்படியின் திருப்பத்தில் மறைவாக நின்றார். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் பாடம் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மூன்று பெண்கள் மட்டும் கீழே போகாமல், படி முடியும் இடத்தில் இருந்த கழிப்பறை வாசலில் நின்றார்கள். நடுவில் ஜோன், அவருடைய கெட்டிக்கார மாணவி.

மைமூன் தனியாகப் படியேறி வந்தாள்.

"மாமாக்கடை வந்துருச்சு. மாமாக்கடை, ஒரு பாக்கெட் உப்பு குடு லா."

"உள்ள போகணுமா? போ. நாங்க கதவைப் பிடிச்சுக்கிறோம், அன்னிக்கு மாதிரி."

"பூனை மாதிரி கத்தினாத்தான் திறப்போம்."

மைமூன் தலையைக் குனிந்துகொண்டு, சுவரை உரசியபடி தமிழ் அறைப் பக்கம் ஓடினாள்.

அற்புதமேரி ஜோனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். "சும்மா விளையாட்டு டீச்சர்," என்றாள் ஜோன். கண்ணில் நீர்கூட வந்தது. காரியம் முடிந்தது என்று அவர் நினைத்தார். மறுநாள் மைமூனின் சட்டைக் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது. குழாயடியில் வைத்து, "டீச்சர்கிட்ட சொன்னியாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லவே இல்லை. கழிப்பறை வாசலில் ஒரு சட்டாம்பிள்ளையை நிறுத்திப் பார்த்தார். அந்தப் பிள்ளையும் ஜோனுக்குப் பயந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

மாதக் கடைசி நெருங்கியது. ஆளைக் கண்டித்தும் காவல் வைத்தும் பயனில்லை என்றால், இது எப்படி நடக்கிறது என்றாவது பார்ப்போம் என்று, நான்காம் வகுப்பு அறையிலிருந்து மைமூன் வரும் வழியில் அற்புதமேரி தாமே நடந்தார்.

தாய்மொழிப் பாட வேளையில் சீனம் படிக்கும் பிள்ளைகள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. மலாய்ப் பிள்ளைகள் நிறையப் பேர். கூட்டமாகப் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான் இந்த வகுப்பில் ஒருத்தர், அந்த வகுப்பில் இரண்டு பேர் என்று சிதறிக் கிடப்பவர்கள். அவர்கள் ஒவ்வொருவராக மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டும். பாட நேரத்தில் கழிப்பறைக்கு அனுமதியில்லை. இடைவேளையில் உணவுக்கடைகளுக்குப் பக்கத்துக் கழிப்பறையில் வரிசை நகர்வதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே எல்லாரும் தமிழுக்கு ஏறும்போதுதான் போவார்கள். அதே சமயம் ஐந்தாம் வகுப்பு கலைகிறது. அந்தச் சில நிமிடங்கள் மாடியில் பெரியவர் ஒருவரும் இல்லை.

இருக்க வேண்டியவர் யார்? அற்புதமேரி படியிலேயே நின்றுவிட்டார்.

பல வருடம் நூலகத்தின் மூலையிலும், மழை நாட்களில் உணவுக்கடை மேசைகளிலும் தமிழ் நடத்தியவர் அவர். இந்த அறை கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எழுத்து அட்டைகளைச் சுவரில் ஒட்டி, தினமும் துடைத்து, மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளேயே இருந்தார். வெளியே போனால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயம். அறையைக் காத்தவர் வழியைக் காக்கவில்லை.

அன்று மாலையே தலைமையாசிரியரிடம் போய்த் தம் யோசனையைச் சொன்னார். "பாட நேரம் குறையுமே," என்றார் அவர். "குறையட்டும் சார். இப்ப ஒரு பிள்ளையே குறையப் போகுது."

ரஷீதாவிடம், "மலாய்க்குப் பேரை மாத்துறதுக்கு முன்னால ஒரு வாரம் பொறுங்க," என்று கேட்டுக்கொண்டார்.

"ஒரு வாரந்தான் டீச்சர்," என்றார் ரஷீதா.

அந்த வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை, வீட்டில் மைமூன் பையிலிருந்து போத்தலை எடுத்துக் குலுக்கினாள். சத்தம் வரவில்லை. ரஷீதா அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்; ஒரு சொட்டும் விழவில்லை. பள்ளி அலுவலகத்துக்கு அவர் போகவில்லை. ஜோன் நல்லவளாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. நின்று மறிப்பதற்கு இடமும் நேரமும் இப்போது அவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

செய்தது இதுதான். மணி அடித்ததும் அற்புதமேரி அறையைப் பூட்டிவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தாமே வரிசையாகக் கீழே கொண்டுபோய் அவரவர் வகுப்பில் விடுகிறார். அங்கிருந்தே நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாசல் வாசலாகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு ஒன்றாக மேலே ஏறுகிறார். கழிப்பறை வாசலில் எல்லாரும் போய்வரும் வரை நிற்கிறார். கடைசிப் பிள்ளை வெளியே வந்த பிறகுதான் தமிழ் அறையின் பூட்டைத் திறக்கிறார்.