சர்க்கார் கொடுத்த வண்டி

புது சைக்கிள் ரிக்‌ஷாவின் ஹேண்டில்பாரைப் பிடித்து, பக்கத்திலேயே நடந்து, அதைக் கையால் இழுத்துக்கொண்டு டோல்கேட்டுக்கு வந்த லோகநாதனைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மணி இருக்கிறது, பெடல் இருக்கிறது, பளபளவென்று ரெக்சின் மெத்தை இருக்கிறது. ஓட்டுகிறவன் மட்டும் தரையில் இருக்கிறான். மெத்தையில் உட்கார்ந்திருந்த வியாகுலம்மாள் அவனுடைய பழைய வாடிக்கை. ராயபுரம் கோவிலில் பூசை முடிந்து மகள் வீட்டுக்குப் போகிறவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் வேறு பக்கம் பார்த்தாள். "செயின் கயண்டுக்கிச்சு, அதான்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே போனான் லோகநாதன். ஒரு வாரமாக அந்தச் செயின் கழன்றபடியேதான் இருந்தது.

கை ரிக்‌ஷாவை ஒழித்துவிட்டு, அதை இழுத்தவர்களுக்கெல்லாம் சைக்கிள் ரிக்‌ஷாவை இலவசமாகக் கொடுப்பது என்று சர்க்கார் சொன்னபோது, கொருக்குப்பேட்டையில் வாசல் வாசலாகப் போய் அதைச் சொன்னவனே அவன்தான். ஆளுங்கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன். விழாவில் பழைய வண்டியை ஒப்படைத்துப் புது வண்டியைத் தொட்டபோது கண் கலங்கிவிட்டது. அதுவரை யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எதையும் கொடுத்ததில்லை. ஆனால் வாலிபத்தில் கூட்ஸ் யார்டில் மூட்டை விழுந்து நசுங்கிய வலது முழங்கால் ஓர் அளவுக்கு மேல் மடங்காது. ஓடி இழுக்க அந்த அளவு போதும். பெடலை மிதிக்கப் போதாது. வாழ்நாளில் அவன் சைக்கிள் ஏறியதே இல்லை. அதனால் பழைய வண்டியைக் கொடுத்த பிறகுதான் இது அவனுக்கே தெரிந்தது.

பெண்டாட்டி பச்சையம்மாவின் தம்பி சின்னப்பையன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். செங்கொடிச் சங்கத்தில் பேச்சாளி. விழாவுக்கு முதல் நாளே அவன் வந்து சண்டை பிடித்திருந்தான்.

"மனுசன மனுசன் இழுக்கறது அவமானம்ன்றாங்களே, யாருக்கு மாமா அவமானம்? கார்ல போறவன் கண்ணுக்கு ஒரு மாதிரியா கீது, அத்தொட்டு மாத்துறான். உனுக்கு இன்னா ஓணும்னு ஒர்த்தனாவது கேட்டானா? வேல குடு, கூலி குடுன்னு நாமதான் கேட்டு வாங்கணும். குடுத்தத வாங்கிக்கினு கும்புடு போடக் கூடாது."

"கேட்டு வாங்கற வரிக்கும் உசுரு இருக்கணும்டா. இத்தினி நாளு எவன் குடுத்தான்? இவங்க குடுக்கறாங்க. உனுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றான் லோகநாதன். அதோடு பேச்சு நின்று போனது.

வியாகுலம்மாளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது சின்னப்பையன் வாசலில் குந்தியிருந்தான். டோல்கேட் சிரிப்பு அவன் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு அதிகாரிகள் வரப்போவதாகப் பேச்சு. ஓட்டாமல் வைத்திருக்கும் வண்டிகளைத் திரும்ப வாங்கி, காத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வண்டி போனால் அடுப்பு எரியாது. உள்ளே பச்சையம்மா அரிசிப் பானையின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமே லோகநாதனைக் கொன்றுகொண்டிருந்தது.

"நாளிக்கு சாய்ங்காலம் டோல்கேட்டாண்ட கூட்டம் கீது மாமா," என்றான் சின்னப்பையன். "மேடைக்கு வா. கால காட்டு. கேக்காம குடுத்தாங்க, எனக்கு ஒதவலன்னு சொல்லு, போதும். உன் காலுக்கு ஏத்த வேல குடுன்னு நாங்க கேக்கறோம்."

"நம்ம ஞானம் வண்டி இயுத்து இயுத்து ரத்தமா துப்பிக்கினு கெடந்தானே. இப்ப மிதிச்சிக்கினு போறான், வந்து நிம்மதியா தூங்கறான். என் கால காட்டி அவன் வாயில மண்ணப் போட சொல்றியா?"

"அப்ப உன் வாயில?"

லோகநாதனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மச்சான் சொன்னதில் பாதி நிஜம். வண்டி கொடுத்த விழா மேடையில் இருந்த ஒருவராவது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், நல்லா கீது என்றுதான் அவனும் சொல்லியிருப்பான். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

"மேடைக்கு நா வர மாட்டேன். போடா," என்று உள்ளே போய்விட்டான்.

காலையில் சின்னப்பையன் துறைமுகத்துக்குப் போகவில்லை. வந்தவன் யாரிடமும் கேட்காமல் ரிக்‌ஷாவின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"ஸ்டாண்டுல கேட்டா, என் மாமா வண்டி, நாந்தான் ஓட்றேன்னு சொல்றேன். நா பேசுனதுல ஒரு வார்த்தகூட மாறல. அக்கா பட்னி கெடக்கக் கூடாது, அவ்ளோதான். ஏறு."

"நீ வேலைக்குப் போவல?"

"ஏறு மாமா."

லோகநாதன் ஏறினான். இத்தனை வருஷத்தில் சவாரி உட்காரும் இடத்தில் அவன் உட்கார்ந்ததே இல்லை. களைத்துப் போனாலும் கால் வைக்கும் பலகைதான் அவனுக்கு. சாய்ந்துகொள்ளக் கூச்சமாக இருந்தது. டோல்கேட்டில் சாயங்காலக் கூட்டத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்த சங்கத்துக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "தோழர், இன்னா இது?" என்று ஒருவன் கத்தினான். சின்னப்பையன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தான். அவன் திரும்பவில்லை.

ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பாலத்து ஏற்றம் வந்தது. சின்னப்பையன் எழுந்து நின்று மிதித்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது; உள்ளே எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. லோகநாதனின் முதுகை எத்தனையோ பேர் இப்படிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள். அவன் இன்றைக்குத்தான் ஒரு முதுகைப் பார்க்கிறான்.

"நிறுத்துடா, நா எறங்கிக்கிறேன்."

"கம்னு குந்து மாமா," என்றான் சின்னப்பையன், மூச்சு வாங்க. "இப்ப நிறுத்துனா வண்டி பின்னால பூடும்."

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர் நிற்பது தெரிய ஆரம்பித்தது. வண்டி ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. லோகநாதன் மெத்தையின் நுனியில், வேறு எங்கும் பார்க்க இடமில்லாமல், அந்த நனைந்த முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.