அம்மா உட்கார்ந்த ஞாயிறு

அப்பாவின் நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அம்மாவை ஊரிலிருந்து வோலோஸ் நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஞாயிறு மதியம் என் மனைவி ஸோயி மீன் வறுத்து, மேசையில் மூன்று தட்டு வைத்தாள். அம்மா அடுப்பருகே போய் நின்றுகொண்டாள்.

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் பாத்துக்கறேன்."

நாற்பத்தாறு வருஷம் அப்படித்தான். அப்பா சாப்பிட்டு எழும்வரை அவள் உட்கார்ந்ததில்லை.

"அத்தை, நீங்க நின்னா எனக்குத் தொண்டையில இறங்காது. வந்து உக்காருங்க," என்று ஸோயி கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள் அம்மா. முதலில் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸோயி ஊற்றிய ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, "உன் மாமனார் பாத்திருந்தா மயங்கி விழுந்திருப்பார்," என்று சிரித்தாள். அம்மா சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான் செல்போனில் பந்தாட்டச் செய்தி படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நாற்காலி சாய்ந்து விழுந்த சத்தம். அம்மா ரொட்டிக் கூடையோடு என் பக்கத்தில் நின்றாள்.

"இதோ வந்துட்டேங்க!"

என்னை 'டா' போட்டே கூப்பிடுகிறவள். அது அப்பாவுக்குச் சொல்லும் பதில்.

"என்னம்மா ஆச்சு?"

"மேசையைத் தட்டினியே," என்றாள் ஸோயி. "ரெண்டு விரலால."

அப்பாவுக்கு ரொட்டி வேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுவார். வாயைத் திறந்து கேட்கமாட்டார்.

"நான் எங்க தட்டினேன்?"

"பன்னெண்டு வருஷமா தட்டறே. இத்தனை நாளும் எந்திரிச்சது நான்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடையை மெதுவாக வைத்தாள்.

"தப்பு என்னுதும்மா," என்றாள் ஸோயியிடம். "இவன் கண்ணு முன்னாடியே எந்திரிச்சு எந்திரிச்சு ஓடினேன். வேற எதைப் பாத்துக் கத்துப்பான்? நீ இனிமே எந்திரிக்காதே."

மறுநாள் காலைப் பேருந்தில் ஊருக்குப் போய்விட்டாள். எவ்வளவு கெஞ்சியும் இருக்கவில்லை.

ஸோயி இப்போது எழுவதில்லை. நானே போய் எடுத்துக்கொள்கிறேன். சாப்பிடும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதும் இல்லை.

ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். நான் இருந்தால் அவள் உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். அதனால் பன்னிரண்டு அடிப்பதற்குள் ஏதாவது காரணம் சொல்லிக் கிளம்பிவிடுகிறேன். "சாப்பிட்டுப் போடா," என்று வாசல்வரை வருகிறாள். வயிற்றில் பசியோடு, "வேலை இருக்கும்மா," என்கிறேன்.