ரத்தம் கூடிப்போனவன்

எனக்கு ரத்தம் அதிகமாக இருக்கிறதாம். ஊரில் பாதிப் பேரை ரத்தம் போதவில்லை என்று டாக்டர்கள் திட்டிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் கூடிப்போய்விட்டதாம். நூறு பங்கு ரத்தத்தில் ஐம்பத்தாறு பங்கு சிவப்பணுவே இருக்கிறது, ஐம்பத்து நாலைத் தாண்டினாலே ஆபத்து, கெட்டிப்பட்டு எங்காவது அடைத்துக்கொண்டால் கை கால் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு, ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று இழுத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அது என்ன ஊசி என்று சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன். பெண் என்று எழுதி வளர்க்கப்பட்டவன் நான். திருநம்பி. என் குரலும் மீசையும் அந்த ஊசி கொடுத்தவை. மாதாமாதம் வந்து என்னைச் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்தது நின்றதும் அதனால்தான். நடுவில் ஒருமுறை எந்தக் கடையிலும் மருந்து கிடைக்காமல் ஊசி தள்ளிக்கொண்டே போனது. நின்றது திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, சாப்பிடறியா சாப்பிடறியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை அந்தத் தரைக்கு நான் போகமாட்டேன். அதனால் டாக்டரம்மாவிடம், நிறுத்துவதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன்.

வேறு எது என்றால், ஒரு பை ரத்தத்தை எடுத்துவிடுவது. எடுத்தார்கள். கையை நீட்டிப் படுத்துக்கொண்டு, இது யாருக்காவது உபயோகப்படுமா என்று கேட்டேன். வைத்தியத்துக்காக எடுப்பதை யாருக்கும் ஏற்ற மாட்டோம், அப்புறப்படுத்திவிடுவோம் என்றார்கள். ஆசுபத்திரி வாசலில் ரத்தம் தேவை என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. உள்ளே என் ரத்தம் குப்பைக்குப் போகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வீட்டில் இருப்பது நானும் அக்காவும்தான். அவள் தையற்காரி. ரத்தத்தில் ஏதோ பிரச்சினை என்று முதலில் அரைகுறையாகக் கேட்டவள், ரத்தம் என்றாலே பீட்ரூட் என்று தினமும் ஒரு டம்ளர் சாற்றைப் பிழிந்து நீட்டினாள். நானும் குடித்துத் தொலைத்தேன். கூடிப்போனதுதான் பிரச்சினை என்று தெரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு, ஐயோ நானே ஊத்தி வளத்துட்டேனே என்று புலம்பினாள். அதற்குப் பிறகு சிவப்பாக எதைப் பார்த்தாலும் சந்தேகம். தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று அடுப்பு முன்னால் நின்று யோசிக்கிற மனுஷியை என்ன சொல்வது? சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. திட்டினேன்.

அளவைக் கொஞ்சம் குறைத்து ஊசி போட்டு, மறுபடி சோதித்தால் ஐம்பத்தைந்து. ஒரு பை ரத்தத்தைக் கொட்டியும் ஐம்பத்தைந்து. டாக்டரம்மா துப்புத் துலக்க ஆரம்பித்தார். சிகரெட் உண்டா? கிடையாது. குறட்டை விடுவேனா? தூக்கத்தில் மூச்சு முட்டினாலும் சிவப்பணு கூடுமாம். அக்கா சாட்சி சொல்ல உள்ளே வந்தாள். ஃபேன் சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கும், இவன் சத்தம் மட்டும் கேட்காது என்று அடித்துச் சொன்னாள். நுரையீரலைப் படம் எடுத்தார்கள், சிறுநீரகத்தைப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற செய்தியை, டாக்டரம்மா யாரோ போய்விட்டதைச் சொல்வது போலச் சொன்னார்.

"காரணம் தெரியாம தொடர்ந்து போட எனக்கு மனசு வரல. நிறுத்திடலாம். ஒரு ஆறு மாசம்."

ஆறு மாசம். அதற்குள் என்னென்ன திரும்பி வரும் என்று அவருக்கும் தெரியும். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். என் நுரையீரல் வரைக்கும் பார்த்தாயிற்று, இன்னும் எதைப் பார்த்தால் காரணம் கிடைக்கும், தோலை உரித்துப் பார்க்கவேண்டியதுதானே பாக்கி என்று என்னென்னவோ பேசினேன். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தாளைப் புரட்டிக்கொண்டே, மருந்துக்குச் சம்பந்தமில்லாத சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டார். தூக்கம், பசி, மலச்சிக்கல். பிறகு இது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ யூரின் போறீங்க?"

"காலைல ஒண்ணு. ராத்திரி வீட்டுக்கு வந்து ஒண்ணு."

அவர் பேனா நின்றது. "நடுவுல?"

"போறதில்ல."

"தண்ணி குடிப்பீங்கல்ல?"

"குடிச்சாதானே போகணும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய கை கழுவும் படத்தைப் பார்த்தேன்.

சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. நான் வேலை செய்வது ஒரு பெரிய லாண்ட்ரியில். ஓட்டல்களில் இருந்தும் ஆசுபத்திரிகளில் இருந்தும் வண்டி வண்டியாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்துத் தேய்த்து அனுப்புகிற இடம். எனக்குத் தேய்க்கிற உருளை. பழுக்கக் காய்ந்த உருளைக்குள் விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடை, குளிர் எல்லாம் வெளியே இருக்கிறவர்களுக்கு. உள்ளே எப்போதும் ஒரே ஆவி, ஒரே வேர்வை. அங்கே ஆண்களுக்கென்று இருக்கிற கழிப்பறையில், நின்றுகொண்டு போக ஒரு சுவர், உட்கார்ந்து போக ஒரு தடுப்பு. தடுப்புக்கு இருந்த கதவு ஈரத்தில் இற்றுப்போய் நான் சேருவதற்கு முன்பே விழுந்துவிட்டது. புதுக்கதவு வரவில்லை. நான் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கதவில்லாத தடுப்பில் நான் எப்படி உட்காருவது? எனவே காலையில் கிளம்பும்போதே தொண்டையை நனைப்பதோடு சரி. பழகிவிட்டது. சோதனைக்கு ரத்தமும் ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து வருகிற வழியில்தான் கொடுத்தேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஊசி ரத்தத்தைக் கூட்டுவது உண்மைதான், ஆனால் தண்ணீரே இல்லாமல் அந்தச் சூட்டில் நின்றால் பாலைச் சுண்டக் காய்ச்சியது போல ரத்தமும் சுண்டத்தான் செய்யும், எண் எகிறத்தான் செய்யும் என்றார். இதைத் தானே முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்த மாதம் நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள், லீவு நாளில் காலையில் வந்து சோதனைக்கு ரத்தம் கொடுங்கள், ஐம்பத்து நாலுக்குக் கீழே வந்தால் ஊசி தொடரும், வராவிட்டால் நிறுத்தியே ஆகவேண்டும், அதற்குமேல் என்னிடம் சண்டை போடாதீர்கள் என்று முடித்தார்.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அக்கா கேட்டாள்.

"இத்தன நாளும் தண்ணி குடிக்காமலாடா நின்ன?"

அதற்கு நான் எரிந்து விழுந்தேன். அந்த வேலையை விட்டுத் தொலை என்றாள். விட்டுவிட்டு எங்கே போவது, கதவு இருக்கிறதா என்று பார்த்தா வேலைக்குச் சேரமுடியும் என்று நான் கத்தினேன். அவள் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து, தைக்காமல், சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். என் நிலைமையை யோசித்தால் எனக்கே பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. ஆணாக இருக்க ஊசி வேண்டும். ஊசி நிலைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். போனால் நான் யார் என்று தெரிந்துபோகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

அடுத்த நாள் ஒரு பாட்டில் தண்ணீரை உருளை பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தேன். மத்தியானத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. விரிப்பின் முனையைப் பிடித்தபடியே காலை மாற்றி மாற்றி நின்றேன். எதிர்முனையில் நின்ற குக்கர் (சும்மா நிற்கும்போதும் உஸ் உஸ் என்று மூச்சு விடுவான், அதனால் அந்தப் பெயர்) என்னடா, பேய் பிடித்தவன் மாதிரி நெளிகிறாய் என்றான். நான் கழிப்பறைப் பக்கம் போனேன். தடுப்பு முன்னால் நின்று பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் விரிப்பு துவைத்துத் தள்ளுகிற இடம், அதில் ஒன்றை எடுத்து இங்கே திரையாகத் தொங்கவிட ஒரு நாதியில்லை. நான் தொங்கவிட்டால் உனக்கு எதற்கு என்று கேட்பார்கள். இதையே எத்தனை காலம் யோசிப்பது? போதும் என்று ஆகிவிட்டது. நேராக முதலாளியம்மாவிடம் போனேன்.

அவர் மடிப்பு மேசைப் பக்கம் நின்று, ஆசுபத்திரிக் கட்டுகளை வண்டிக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். விரிப்புகளை மடிக்கிற பெரியவர், நாங்கள் மடிப்பு மாமா என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் இருந்தார். குக்கரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்டான். தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததெல்லாம் போயிற்று. கழிப்பறைக்குக் கதவு வேண்டும் என்றேன்.

"கதவா? இத்தன வருஷத்துல யாருமே கேக்கலையேப்பா."

"நான் கேக்கறேன்."

"எல்லாம் ஆம்பளைங்க. இதுல என்ன கூச்சம்?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பயந்திருந்தேன். சொல்லிவிடுவோமா, சொன்னால் இன்றோடு வேலை போய்விடுமா என்று ஒரு நொடி தடுமாறினேன். பிறகு, உண்மையில் எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் சொன்னேன்.

"எனக்கு ரத்தம் கெட்டியாகுது. தண்ணி குடிக்கலன்னா உயிருக்கு ஆபத்து. குடிச்சா போகணும். கதவு இல்லாம என்னால போக முடியாது. ஆம்பளையா இருந்தா கூச்சம் இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

முதலாளியம்மா முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மடிப்பு மாமா தொண்டையைக் கனைத்தார். கையில் இருந்த விரிப்பை மடித்து, அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு பேசினார்.

"எனக்கும்தாம்மா. சொட்டுச் சொட்டாதான் வருது. நின்னா வராது, உக்காரணும். அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும் நடந்து போயிட்டு வரேன்."

அவர் அடிக்கடி காணாமல் போவதை நாங்கள் பீடி என்று நினைத்திருந்தோம். குக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கும் ஒரு வியாதி இருக்கிறது, எங்கே என்று கேட்காதீர்கள், கதவு வந்தால் நல்லதுதான் என்றான். வேலை நேரத்தில் டீ குடிப்பதையே அதற்காகத்தான் விட்டுவிட்டானாம். பாய்லர்காரர் தூரத்தில் இருந்தே கையைத் தூக்கினார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆத்திரம்தான் வந்தது. நான் ஒருவன்தான் ஒளிகிறேன் என்று வேர்த்து விறுவிறுத்து நின்றிருக்கிறேன். இவர்களும் ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரே ஒருவன் வாயைத் திறந்திருந்தால் என் ஒரு பை ரத்தமாவது மிஞ்சியிருக்கும்.

"அடப்பாவிங்களா, வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்றார் முதலாளியம்மா. அந்த வாரமே கதவு வந்தது. உள்தாழ்ப்பாளோடு. நான் தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

மாதம் முடிந்ததும் லீவு நாள் காலையில் போய் ரத்தம் கொடுத்தேன். ஐம்பத்தொன்று. டாக்டரம்மா அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஊசியை நிறுத்த வேண்டாம், மொத்தமாகப் போடுகிறதைப் பிரித்து வாராவாரம் சின்ன அளவாகப் போட்டுக்கொண்டால் ரத்தம் திடீரென்று ஏறாது, சோதனையை மட்டும் விடக்கூடாது என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதையும் அழுதேன். அக்கா தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, மீசை வச்சிருக்க, நடுப்படில உக்காந்து அழுவுற, எழுந்திருடா என்றாள்.

இப்போது வேலையில் புதுத் தொல்லை. ஆள் ஆளுக்குத் தண்ணீர் குடிக்கிறார்கள். இருப்பது ஒரே கதவு. நேற்று ஒரு பாட்டில் முழுவதையும் காலி செய்துவிட்டுப் போனால், உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன். குக்கர் குரல், இரு என்றது. இருந்தேன். மறுபடி தட்டினேன். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான், படுபாவி. எனக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"டேய், வெளிய வாடா. உள்ள என்ன குடித்தனமா நடத்துற?"

அந்த இடத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. கனமாக, உருளைச் சத்தத்தைத் தாண்டிக் கூடம் முழுக்கப் போனது என் குரல். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற மடிப்பு மாமா மட்டும் தோளைத் தட்டினார்.

"இன்னும் சத்தமா கூப்பிடு தம்பி. அடுத்தது நான்."