கிளைவ் ஹெஸ்கத்தின் குதிகால்

கிளைவ் ஹெஸ்கத் தன் இறந்த மனைவியை நினைத்து டிவி போட்டியில் வால்ட்ஸ் ஆடிய சனிக்கிழமை, நாட்டில் பாதிப் பேர் அழுதார்கள் என்று மறுநாள் செய்தித்தாள் எழுதியது. நான் அழவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை ஆட்டம்; முதல் அடிக்குக் குதிகால் தரையில் படவேண்டும். அவர் பாதத்தைத் தட்டையாகப் பதித்தார், சேற்றில் நடப்பவர் மாதிரி. மூன்றாவதில் மெல்ல இறங்கவேண்டும். இரண்டிலேயே பொத்தென்று விழுந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஜோடியாக ஆடிய இலோனா என்ற பெண் பதினைந்து வருடப் பயிற்சியுள்ளவள். அந்தப் பயிற்சி முழுவதும் இவர் கீழே விழாமல் இருக்கச் செலவானது. தரையெல்லாம் செயற்கைப் புகை. ஆட்டம் முடிந்ததும் அவர் முகத்தை மூடிக்கொண்டு நின்றார், அரங்கமே எழுந்து நின்றது, நான்கு நடுவர்களில் மூன்று பேர் பத்துக்குப் பத்து போட்டார்கள்.

ஃப்ளீட்வுட் என்ற கடலோர ஊரில், ஒரு கம்பளக் கடையின் மாடியில், முப்பத்துநான்கு வருடமாக நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். தபால்காரர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் பத்து வாரப் பயிற்சிக்குப் பிறகு அவ்வளவு மோசமாக ஆடியதில்லை. நடிகர்களையும் விளையாட்டு வீரர்களையும் தேர்ந்த ஆட்டக்காரர்களோடு ஜோடி சேர்த்து, மக்கள் ஓட்டில் வாரம் ஒருவரை வெளியே அனுப்பும் அந்த நிகழ்ச்சி ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வரும். ஞாயிறு காலையில் உள்ளூர் வானொலிக்காரர் டெரக் என்னைக் கூப்பிட்டு முந்தின இரவு எப்படி என்று கேட்பார். நான் திட்டுவேன். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

"என்ன டொரீன், நேத்து ஒரு சொட்டுக் கண்ணீராவது வந்துச்சா?" என்றார் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"மனைவிய நெனச்சு அழணும்னா வீட்ல உக்காந்து அழட்டும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நேத்து அங்க யாரும் வால்ட்ஸ் ஆடல, டெரக். ஒரு பொண்ணு ஒரு பீரோவத் தள்ளிக்கிட்டு கூடத்தச் சுத்தி வந்தா. அவ்வளவுதான்."

டெரக் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

கிளைவ் இருபது வருடமாக டிவி மாலைத் தொடரில் டாக்டராக நடிப்பவர். எங்கள் பக்கத்து மனிதர், பிரெஸ்டனில் பிறந்தவர். அவர் மனைவி மொய்ரா போன வசந்தத்தில் இறந்தது எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை என் கதவில் யாரோ முட்டை அடித்திருந்தார்கள். ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். செவ்வாய் மாலை வகுப்புக்கு இருபது பேருக்குப் பதில் ஒன்பது பேர் வந்தார்கள். பாட் ரிக்பியும் வந்தாள், ஆனால் ஆட்டச் செருப்பைக் கொண்டுவரவில்லை. இருபத்தெட்டு வருடமாக என்னிடம் ஆடுபவள். என் கணவர் லென்னும் நானும் அவள் வீட்டில்தான் கிறிஸ்துமஸ் சாப்பிடுவோம், லென் இருந்தவரை.

"வரலன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள், கோட்டைக்கூடக் கழற்றாமல். "பாவம் அந்த மனுஷன். உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாடி?"

"கால் தப்பா வெச்சாரு, பாட். அதச் சொன்னேன்."

"புருஷனப் பொதச்ச மறுநாளே கிளாஸ் எடுத்தவதானே நீ. உங்கிட்டப் போய்ச் சொல்றேன் பாரு."

ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் இசையைப் போட்டேன். லென்னைப் புதைத்த மறுநாள் வகுப்பு எடுத்தது உண்மை. அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வாரம் முழுவதிலும் அடுத்த காலை எங்கே வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்த நேரம். அதைப் பாட்டிடம் சொல்லியிருக்கலாம். அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டபின்தான் வாக்கியம் வந்தது.

புதன்கிழமை மதியம் கிளைவ் ஹெஸ்கத்தே படியேறி வந்தார். டிவியில் தெரிந்ததைவிடக் குள்ளம். மான்செஸ்டரிலிருந்து தானே காரோட்டி வந்திருந்தார். கையில் சாவி, கழுத்தில் சுற்றிய மப்ளர். நான் மேசையில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

"பீரோ வந்திருக்கு" என்றார்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். "சத்தம் போடணும்னா போட்டுட்டுப் போங்க. ரெண்டு மணிக்கு ஆளுங்க வருவாங்க."

"எம் மனைவியப் பத்திப் பேச உங்களுக்கு என்ன உரிமை?"

"உங்க காலப் பத்தித்தான் பேசினேன். ரெண்டையும் சேத்துக் கட்டினது நீங்க."

அவர் மேசையை நோக்கி ஓரடி வைத்தார். அடிப்பாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கட்டினது நான் இல்ல" என்றார். "மொய்ராவுக்கு ஆட்டமே பிடிக்காதுங்க. எங்க கல்யாணத்துல ஆடினோம்னு அவங்க காட்டுனாங்களே, அது பொய். கல்யாணத்தன்னிக்குச் சாப்பாடு முடிஞ்சதும் அவளும் அவ அண்ணனுங்களும் சீட்டு வெளையாடினாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இத நிகழ்ச்சிக்காரங்ககிட்ட சொன்னா, 'ஒரு தடவையாவது ஆடியிருப்பீங்கல்ல'ன்னாங்க. ஆடியிருப்போம்னுட்டேன்."

"ஏன்?"

"இல்லன்னா நிகழ்ச்சியிலேர்ந்து அனுப்பிடுவாங்களோன்னுதான். வீட்டுக்குப் போய் என்ன பண்ண?"

நான் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. போகப் போக்கிடம் இல்லாத ஒரு மனிதனுக்கு, கால் ஊன்ற ஓர் இடத்தைக் காட்டக்கூடிய ஒன்றை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக்கொடுக்காமல், நன்றாக அழுங்கள் என்று புகையைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

"அங்க யாராவது உங்க குதிகாலப் பத்திச் சொன்னாங்களா?"

"இலோனா ரெண்டு தடவ ஆரம்பிச்சா. முகம்தான் முக்கியம்னு வாய அடைச்சிட்டாங்க." மப்ளரைக் கழற்றினார். "இந்த சனிக்கிழமை அரையிறுதி. பழைய ஆட்டம் ஒண்ண மறுபடி ஆடணும். ஜனங்க அந்த வால்ட்ஸத்தான் கேட்டிருக்காங்க. சரிபண்ண முடியுமா?"

"முடியாது. நாலு நாள்ல வால்ட்ஸ் சரியாகாது. ஏதோ ஒரு இடத்துல மூணு எண்ணிக்கை வேணா சரியாகும்."

"மூணு போதும்."

இரண்டு மணி ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். மூன்று மணி நேரம் அந்த மூன்று எண்ணிக்கையை மட்டும் நடந்தோம். நான் அவரைக் கொஞ்சமும் பாராட்டவில்லை. எட்டுத் தடவை சரியாகச் செய்தவர், ஒன்பதாவதில் முழங்காலை மறந்தார், மறந்ததைச் சொன்னேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு சமயம் இடையில் நின்று, "அவளப் பத்தி நெனைக்கவே இல்ல, கடைசி அரை மணியா" என்றார், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் குரலில்.

"நல்லது. மறுபடி."

சனிக்கிழமை அவர் அழவில்லை. கதவுக்குப் பூட்டுப் பொருத்துகிறவன் முகத்தோடு ஆடினார். தோள் பாதியளவு இறங்கியிருந்தது. எனக்கு வேண்டியது அந்த மூன்று எண்ணிக்கை. அது ஆட்டத்தரையின் நீளப்பக்கத்தின் நடுவில் வரும் என்று சொல்லியிருந்தார். டிவிக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் வந்தது. கேமரா பார்வையாளர் வரிசைக்குத் தாவி, கைக்குட்டையோடு அழுத ஒரு பெண்ணைக் காட்டியது. பிறகு பெரிய திரையில் மொய்ராவின் புகைப்படம். மறுபடி கிளைவ் வந்தபோது மூலையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

நடுவர்கள் ஏமாந்துபோயிருந்தார்கள். "போன தடவை என்னை உருக்கினீங்களே, அந்த மனுஷன் எங்கே?" என்றார் ஒருவர். இன்னொருவர் ஐந்து போட்டார். இலோனா மட்டும் அவர் கையை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை டெரக் ஆவலாகக் கேட்டார், "இந்தத் தடவை என்ன, டொரீன்? அலமாரியா, அடுப்பா?"

"அவரு கால யாரும் காட்டல. பாக்காதத நான் பேசமாட்டேன். அந்த கேமராக்காரனப் பத்தி வேணா பத்து நிமிஷம் பேசறேன்."

அடுத்த வாரம் கூப்பிடுவதாக டெரக் சொல்லவில்லை. அன்று மாலை ஓட்டு எண்ணிக் கிளைவை வெளியே அனுப்பினார்கள். மொய்ராவின் நினைவை அவர் கைவிட்டுவிட்டார் என்று யாரோ எழுதியதாகப் பாட் எனக்குப் போனில் படித்துக்காட்டினாள். என்னோடு பேசுவதற்கு அவளுக்கு ஏதோ ஒரு காரணம் வேண்டியிருந்தது. நானும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு மறுபடி போன் அடித்தது.

"பாத்தீங்களா?" என்றார் கிளைவ்.

"இடது தோள் ஏறிடுச்சு."

"அது தெரியும். அந்த மூணு?"

பார்த்தேன், சரியாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். "அங்க கேமரா வேற எங்கயோ போயிடுச்சு. எனக்குத் தெரியாது."

 அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

"இருங்க" என்றார். "சமையலறைதான். தரை ஓடு போட்டது. போனக் கீழ வெக்கிறேன், கேளுங்க."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன். கொதிக்கத் தொடங்கிய கெட்டில். ஓட்டின்மேல் ஒரு நாயின் நகங்கள். அதற்குப் பின்னால், தூரத்தில், குதிகால் தரையில் பட்டது. சின்னதாக, காய்ந்த ஒலி. பிறகு இரண்டு, செருப்பின் தோலடி வழுக்கிக்கொண்டு மேலே ஏறுவது. பொத்தென்ற சத்தம் வரவில்லை; மூன்றுக்காகக் காத்திருந்தேன். நாய் நடப்பதை நிறுத்தியிருந்தது.