களிம்பும் கிரீஸும்

மார்ச் நான்காம் தேதி காலை, நகரப் பேருந்துப் பணிமனையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. தொலைதூரத் தடத்துக்கு ஆறு ஓட்டுநர்கள் தேவை. இருபத்தேழாம் தேதி மூன்று மணி நேர ஓட்டத் தேர்வு. தேர்வாளர் பக்கத்து இருக்கையில் இருப்பார்.

முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவரைப் பணிமனையில் ஒட்டடைக்கம்பு என்பார்கள். ஆள் அவ்வளவு உயரம். தொலைதூரத் தடம் என்றால் ஒருநாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மனைவி தையல் ஆலை வேலையை விடுவதாக இருந்தாள். பாதி நாட்கள் அவர் பார்த்துக்கொண்டால் மீதி நாட்கள் பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

சிக்கல் உட்காருவதில் இருந்தது. அவருக்கு மூலம். ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓட்டியதில், நேர் ரோட்டில் எதற்கு வளைகிறார் என்று நடத்துநர் விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

விஷயத்தை மனைவியின் தம்பியிடம் மட்டும் சொன்னார். அதே பணிமனையில் மெக்கானிக். வண்டிகளுக்கு கிரீஸ் அடிப்பது அவன் பொறுப்பு. தனக்கும் வந்து போனதுதான் என்று ஆறுதல் சொல்லி, தான் பாதி தீர்த்த களிம்பு டியூபை, உள்ளே செலுத்தும் மூக்கோடு எடுத்துக் கொடுத்தான். உபயோகிக்கும் முறையும் அவனே சொன்னான்.

"கஞ்சத்தனம் பண்ணாதீங்க மாமா. வெளிய பிதுங்கி வந்தாத்தான் உள்ள முழுசா போயிருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னாடி ஒண்ணு."

இரண்டு நாள் சொர்க்கம். டியூப் தீர்ந்ததும் அதே களிம்பை வாங்கி, ஆறு டிரிப்புக்கு ஆறு முறை என்று தொடர்ந்தார். எட்டாம் நாளிலிருந்து எரிச்சல், அரிப்பு. குறைவாகப் போட்டுவிட்டோம் என்று எண்ணிக் கூட்டினார். பதினான்காம் தேதி மூன்றாவது டியூபுக்காக மருந்துக் கடையில் நின்றார். கடைக்காரப் பெண்மணி, எதற்கு இத்தனை என்று கேட்டார். பின்னால் நான்கு பேர் இருந்ததால், நண்பருக்கு என்றார். நண்பர் ஒருநாளைக்கு எத்தனை முறை போடுகிறார் என்று அடுத்த கேள்வி வந்தது. ஆறு முறை, முதல் டியூப் இன்னொருவர் போட்டு மிச்சம் வைத்தது என்றதும் பெண்மணி அவரை ஓரமாக அழைத்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. இப்படி அப்பினா தோல் மெலிஞ்சு இன்னும் எரியத்தான் செய்யும். அடுத்தவங்க உள்ள வச்ச மூக்கையும் வாங்கிப் போடக்கூடாதுன்னு உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் வருதா?"

"ரெண்டு தரம் வந்துச்சு" என்றார், நண்பரை மறந்து.

"அப்ப டியூப் தரமாட்டேன். அது மூலத்தாலதான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. டாக்டர் பாக்கட்டும்."

மறுநாள் மருத்துவர் பரிசோதித்தார். மூலம்தான், ஆரம்ப நிலை. பழைய களிம்பை நிறுத்தச் சொல்லி வேறொன்று எழுதினார்: கழுவி, ஒற்றித் துடைத்து, பட்டாணி அளவு, காலையும் இரவும், ஏழே நாள். போடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். தினமும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்கார வேண்டும். ரத்தம் தொடர்ந்தால் உடனே வர வேண்டும். பிறகு, பணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றார். குடிப்பதில்லை என்றார் ஓட்டுநர். வழியில் ஒதுங்க இடமில்லாததால் அந்தப் பணிமனையில் எவருமே குடிப்பதில்லை. மலம் கல்லாக இறுகுவதற்கு அது போதும் என்றார் மருத்துவர். தண்ணீர், காய்கறி, பழம் என்று எழுதி அடிக்கோடிட்டார்.

மைத்துனன் பட்டாணி அளவை நம்பவில்லை. அந்த அளவில் சைக்கிள்கூட ஓடாது என்றான்.

"நான் வண்டி இல்ல மாப்ள" என்றார்.

ஏழாம் நாள் எரிச்சல் அடங்கியிருந்தது. ரத்தம் வரவில்லை. களிம்பை நிறுத்தினார்.

தேர்வு விதிகளில், பாதி வழியில் ஐந்து நிமிடம் நிறுத்தலாம் என்று ஒரு வரி உண்டு. மானப் பிரச்சினையாகக் கருதி யாரும் நிறுத்தியதில்லை. இருபத்தேழாம் தேதி, ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் ஒட்டடைக்கம்பு வண்டியை ஓரங்கட்டினார். உடம்புக்கு என்ன என்று தேர்வாளர் கேட்டார்.

"மூலம் சார். அஞ்சு நிமிஷம் நடந்துட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

தேர்வாளர் குறிப்பேட்டில் நேரத்தை மட்டும் எழுதினார். தானும் இறங்கி நடந்தார்.

மூன்று நாள் கழித்துப் பட்டியல் வந்தது. ஆறு பேரில் அவர் நான்காவது. மனைவி வேலையை விடவில்லை.