மகாதேவி வீட்டுத் தலையாட்டி

சூரியகாந்தி எண்ணெய்க்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்த அந்த வசந்தத்தில், ஜெர்மனியின் எசன் நகரில் மூன்றாம் மாடியில் குடியிருந்த மகாதேவியின் வீட்டு நடையில் கிடந்த கதிரையில் ஒரு தலையாட்டி வந்து உட்கார்ந்தார். தலையில் சணல் சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, கால் வெறுங்கால். கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது. மகாதேவி அவரை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, அலுமாரியில் இருந்து கம்பளிச் சொக்ஸ் எடுத்துவந்து கால்களில் மாட்டிவிட்டார். குளிர் என்று அயலவருக்குச் சொன்னார். அப்படியொன்றும் குளிர் இருக்கவில்லை.

தலையாட்டி என்றால் யார் என்று அறியாதவர்களும் இருப்பார்கள். இலங்கையில் ஊரைச் சுற்றிவளைக்கும் ஆமி, ஆட்களை அடையாள அட்டையோடு வரிசையாக நடக்கவிடும். முன்பே பிடித்து அடித்து வைத்திருந்த ஒருவரைச் சாக்கால் மூடி எதிரே உட்கார்த்தும். அவர் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாரோ, அவர் ட்ரக்கில் ஏற வேண்டியதுதான்.

பொலிஸ் வந்து கதிரையைத் தூக்கியது. கதிரை மட்டும் வந்தது; ஆள் அந்தரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். வதிவிட அனுமதிக்கு அலுவலகம் வரச்சொல்லி, நாளும் நேரமும் குறித்த ஒரு டெர்மின் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் விதிகளைப் புரட்டிப் பார்த்து, மாடிப்படியில் சப்பாத்து வைக்கத்தான் தடை, இதற்கு இல்லை என்றார்.

பிறகு நம் சனம் படையெடுத்தது. என்ன புதினமென்று விடுப்புப் பார்க்க வந்தவர்கள், யாரும் சொல்லாமலே படிக்கட்டில் ஒற்றை வரிசையாக நின்றார்கள், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி. பதற்றத்தில் மருத்துவக் காப்புறுதி அட்டையை நீட்டியவரும் உண்டு. இங்கே பிறந்த நிலக்சன் சிரித்துக்கொண்டு வந்தான். தகப்பன் நிலத்தைப் பார்த்தபடி நின்றதைக் கண்டு சிரிப்பை விழுங்கிக்கொண்டான். தலையாட்டியோ ஒருவருக்கும் ஆட்டவில்லை.

மகாதேவியின் கணவர் தவராசா, அரசாங்கத்தைக் கண்டித்துச் சுவரொட்டி ஒட்டியவர். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் ஆமி அவரைக் கொண்டுபோனது; அவர் திரும்பி வரவில்லை. அதன்பின் மகாதேவி ஜெர்மனிக்கு வந்து, காணாமற்போனவர்களுக்கான ஆர்ப்பாட்டம் ஒன்றும் தவறாமல் அவர் படத்தைப் பிடித்து நின்றார். "அவர் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் மகாதேவி இத்தனை காலமும் நிமிர்ந்து நடந்தார்.

எல்லோரும் வந்துபோன பிறகு பலசரக்குக் கடை ஞானசுந்தரம் வந்தார். முன்பு ஊரில் ஒரு தலையாட்டியால் ட்ரக்கில் ஏறி, ஒரு காது செவிடாகித் திரும்பியவர். சாக்கு அவரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"தங்கச்சி, அந்தச் சொக்ஸைக் கழட்டும்."

"வேண்டாம் அண்ணை. குளிர்."

"கழட்டும்."

கழற்றினார். சுண்டுவிரல் அடுத்த விரலின் மேல் ஏறிக் கிடந்த கால். எந்த விரலிலும் நகம் இல்லை.

"அண்டைக்கும் இந்தக் காலைத்தான் பாத்தனான். நிலத்தைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனாங்கள். நகமெல்லாம் பிடுங்கி, ரத்தம் காயேல்லை. தவராசாதான் எண்டு அப்பவே தெரியும். என்னோடை ஏத்தின சுதீர் திரும்பி வரேல்லை. உம்மட்டைச் சொல்ல மனம் வரேல்லை, தங்கச்சி."

மகாதேவி அழுதார். இத்தனை வருடமும் அவர் கடையில்தான் அரிசி வாங்கியிருக்கிறார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை அந்த மனிதர். ஞானசுந்தரம் ஒரு கதிரையை இழுத்துச் சாக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "தேத்தண்ணி போடும்" என்றார்.

மூன்று கோப்பை வைத்த பிறகுதான், தவராசா எப்படிக் குடிப்பார் என்பதே மறந்துபோனது மகாதேவிக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நடைக்கு வந்து கேட்டார்.

"சீனி போடவோ?"

சாக்கு மெல்லத் திரும்பியது. தலை ஒருமுறை ஆடியது. ஞானசுந்தரம் ட்ரக்கில் ஏறப் போகிறவர்போல் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டார்.

தவராசா இன்னும் அந்த நடையில்தான் இருக்கிறார். யாரும் இப்போது அட்டை கொண்டுவருவதில்லை. மகாதேவி ஆர்ப்பாட்டத்துக்கு முன்போலவே போகிறார். கையில் பிடிப்பது சுதீரின் படம். போகுமுன் பிளாஸ்கில் கணவருக்குத் தேநீர் ஊற்றி வைக்கிறார், இரண்டு கரண்டி சீனி போட்டு.