நாற்பத்தைந்தில் நின்ற தட்டு

குவாண்டம் பின்னல் வந்துவிட்டது என்று அக்கா சொன்ன அன்று சார் சிரித்தார். எங்கள் ஆய்வகத்தில் பின்னலைவிட அரிய நிகழ்வு அது.

அக்கா எனக்கு உறவில்லை. முனைவர் பட்டத்துக்காக அந்த இருட்டறையில் குடியிருக்கும் சீனியர். இந்தப் பருவத்தோடு அவருக்குப் பதிவுக்காலம் முடிகிறது. பின்னலைக் காட்டினால்தான் ஆய்வேடு. நான் எடுபிடி.

லேசர் அடித்தால் ஒரு படிகத்திலிருந்து ஒளித்துகள்கள் ஜோடி ஜோடியாக வரும். அவற்றின் அதிர்வுத் திசையை நேராக அளந்தால் இரண்டும் ஒத்துப்போகும். அதில் பெருமையில்லை, பின்னாத ஜோடியும் ஒத்துப்போகும். சாய்வாக அளந்தும் ஒத்துப்போனால்தான் பின்னல். அக்காவுக்கு இரண்டிலும் ஒத்துப்போனது. கட்டுரை இதழுக்குப் போனது. சார் பெரிய மனது பண்ணி லேசரைப் பக்கத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மிச்சத்தைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, சாய்வா அளக்க, ஒளியைத் திருப்புற இந்தத் தட்டை எத்தனை டிகிரில வச்சீங்க?"

"நாப்பத்தஞ்சு. அப்படியேதான் இருக்கு, பாரு. கண்ணாடியில விரல் பட்டுச்சு, கொன்னுருவேன்."

"தட்டு திரும்புறதுல ரெண்டு மடங்கு ஒளி திரும்பும்னு எழுதாததுக்கு எனக்கு அரை மார்க் கொறச்சீங்களே."

"ஆமா, கொறைக்காம? அது ஒண்ணாங்கிளாஸ்…"

அவர் குனிந்து தட்டின் எண்ணை மறுபடி பார்த்தார். தட்டு நாற்பத்தைந்து என்றால் ஒளி தொண்ணூறு. சாய்வுக்கு ஒளி நாற்பத்தைந்துதான் திரும்ப வேண்டும். நேரையே குப்புறப் போட்டு மறுபடி அளந்திருக்கிறோம். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

"இருபத்திரண்டரை" என்றார் அக்கா, கையிலிருந்த திருகாணியிடம். லேசரைப் போடு என்று சொல்ல வாயெடுத்தவர், மேசையில் அது இருந்த இடத்துத் துளைகளைப் பார்த்து மூடிக்கொண்டார்.

சாரிடம் அவரே போய்ச் சொன்னார்.

"அப்ப பின்னல் இல்லையாம்மா?"

"இல்லைன்னும் சொல்ல முடியாது சார். இருந்திருக்கலாம். நாம பாக்கவே இல்ல."

சார் பக்கத்து ஆய்வகத்துக்குப் போய் வந்தார். லேசரை அவர்கள் மேசையில் பொருத்தி, ஓட்டத் தொடங்கிவிட்டார்களாம். அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அடுத்த வருஷம் அக்கா இங்கே இருக்கமாட்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் மின்னஞ்சலை அக்கா அடித்தார். சார் பின்னால் நின்று படித்தார்.

"'நான் தவறாக அளந்தேன்'னு இருக்கே. 'நாங்கள்'னு மாத்திடும்மா. நானும்தானே கையெழுத்துப் போட்டேன்."

"தட்டைத் திருப்பினது நான்தானே சார்."

அக்கா மாற்றவில்லை. அனுப்பிவிட்டு, படிகத்தைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்தார். மேலே என்ன எழுதி ஒட்டட்டும் என்று கேட்டேன்.

"படிகம்னு எழுது. வேற என்ன தெரியும் அதைப் பத்தி."